கல்லறைக்கு எத்தனை பாதை?

எங்கள் அம்மாயி சாவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுச்சு. சேந்தமங்கலத்தைச் சுற்றியிருக்கிற கிழங்கு மில்லுகளில் குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்து உரித்தே விரல் நுனியெல்லாம் தேய்ந்துபோன கிழவி அது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் இருந்ததில்லை. விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் சொல்லும்.

"ஏங்கண்ணு, கடைசி நாள்ல எக்காளம் ஊதுனா செத்தவங்க எல்லாரும் குழியில இருந்து எந்திரிப்பாங்கன்னு பாஸ்டரு சொல்றாரே. நம்ம சனத்தையெல்லாம் ஓடைக்கு அந்தாண்ட பொதைச்சிருக்குது. அவங்க ரோட்டோரமாப் படுத்திருக்கறாங்க. எந்திரிக்கிற அன்னிக்கும் நாம ஓடையத் தாண்டித்தான் வரோணுமா? அன்னிக்காச்சும் வழி வுடுவாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன் என்கிற தோரணை. "எந்திரிக்கிறது ஆத்துமா அம்மாயி. ஆத்துமாவுக்கு ஓடை ஏது, ரோடு ஏது" என்று சொன்னேன். அது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காய்த்துப்போன இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, "அப்ப இது?" என்றது.

என்னிடம் பதில் இல்லை.

அந்த ஐப்பசியில் அம்மாயி செத்தது. அடைமழை. பட்டா நிலத்து வரப்பு வழியாகப் பெட்டியைக் கொண்டுபோக நிலத்துக்காரர் விடவில்லை. அவரும் சபைக்காரர்தான். எந்தச் சபை, யார் என்பது இங்கே வேண்டாம். இடுப்பளவு தண்ணீர் ஓடுகிற ஓடையில் இறங்கி, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனோம். குழி மேட்டில் நின்ற போதகர், "கவலைப்படாதீங்க, உடம்பு வெறும் கூடுதான், ஆத்துமா ஆண்டவர்கிட்டப் போயிடுச்சு" என்று ஆறுதல் சொன்னார். ஒரு வாரத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். ஈர வேட்டியோடு நின்று கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று உறைத்தது. வரப்பில் விடமாட்டேன் என்றவர் ஆத்துமாவையா தடுத்தார்? உடம்பைத்தானே தடுத்தார்!

*

தோழர்களே, இந்தப் பத்திரிகையில் உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதுகிறேன் என்றால் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். தெரியும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது "என்னய்யா, பாதிரி வந்துட்டாரு" என்று கிண்டல் செய்கிறவர்கள் நீங்கள். சபைக்குள் போனால் அங்கே நான் 'கட்சிக்காரன்'. இரண்டு பக்கமும் அடிபடுகிற மத்தளம் நான். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

உங்கள் கேள்வி நியாயமானது. பாபாசாகேப் 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார், கிறிஸ்தவத்துக்குப் போகவில்லை. மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி எழுதியபோது, கிறிஸ்தவம் அவர்களுக்குள் இருக்கும் சாதியை உடைத்ததா என்று அவர் கேட்டார். நம் மண்ணில் அதற்கு வெகுமுன்பே அயோத்திதாசர் தமிழ்ப் பௌத்தத்தின் வழியைத் திறந்தார். இவ்வளவுக்கும் பிறகு எதற்கு இந்தச் சிலுவையும் காலிக் கல்லறையும் என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் யாரையும் மதம் மாற்ற வரவில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பங்கு நம் சேரி சனம்தான். அவர்கள் ஏற்கனவே அங்கே இருக்கிறார்கள். வருசா வருசம் ஈஸ்டர் அதிகாலையில் மெழுகுவர்த்தி ஏற்றி 'அவர் எழுந்தார்' என்று சொல்கிறார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதை யார் தீர்மானிப்பது? வரப்பை அடைக்கிறவரா, ஓடையில் இறங்குகிறவரா? என் சண்டை இதுதான். அதுவும் விடுதலை அரசியல்தான்.

*

முதலில் ஒரு திருட்டைச் சொல்லவேண்டும். கிறிஸ்தவ விசுவாசம் ஆத்துமா தப்பிப் போவதைப் பற்றியது அல்ல. விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் வருவது சரீரம் உயிர்த்தெழுவது. சரீரம் என்றால் உடம்பு. தோலும் நகமும் தழும்பும் உள்ள உடம்பு. பழைய துணியைக் கழற்றிப் புதுத் துணி உடுத்துகிற மாதிரி ஆத்மா உடம்பு மாறும் என்பது கீதையின் சேதி. அந்தச் சேதியைத்தான் நம் ஊர்ப் பிரசங்கபீடங்களில் அங்கி போட்டு நிற்கவைத்திருக்கிறார்கள். ஏன்? உடம்பு வெறும் கூடு என்று ஆகிவிட்டால் அந்தக் கூட்டுக்கு என்ன செய்தாலும் கேள்வி இல்லை. தனிக் குழியில் போடலாம். தனி டம்ளரில் ஊற்றலாம். மலக்குழியில் இறக்கலாம். 'ஆத்துமாவில் எல்லோரும் சமம்' என்று பாட்டும் பாடலாம்.

சாதி எப்போதும் உடம்பின் மேல்தான் வேலை செய்கிறது. யார் யாரைத் தொடலாம், யார் எங்கே உட்காரலாம், யார் உடம்பு யார் மலத்தை அள்ளவேண்டும், எந்தப் பெண் உடம்பு எந்த ஆணோடு சேரலாம், எந்தப் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம். இதுக்கு வெளியே சாதி என்று ஒன்று தனியாக எங்கே இருக்கிறது? அப்படியானால் 'உடம்பு எழும்' என்று நம்புகிறவன் சாதியை வைத்திருக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும்.

சுவிசேஷத்தைக் கொஞ்சம் சேரிக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ரோமாபுரி அரசாங்கம் சிலுவையை வைத்திருந்தது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும். ஊருக்கு வெளியே, அம்மணமாக, எல்லோரும் பார்க்க. செத்த பிறகும் விடவில்லை. கல்லைப் புரட்டிவைத்து, அரசாங்க முத்திரை போட்டு, காவல் நிறுத்தினார்கள். வழக்கு முடிந்தது, ஃபைல் மூடப்பட்டது என்று அர்த்தம். மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்ததும் என்ன செய்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். காவலுக்கு நின்றவர்களுக்குப் பணம் கொடுத்து, 'நாங்கள் தூங்கும்போது சீடர்கள் வந்து பிணத்தைத் திருடிப் போய்விட்டார்கள்' என்று சொல்லச் சொன்னார்கள். தூங்கினவனுக்குத் திருடினது யார் என்று எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பொய் எஃப்.ஐ.ஆர். போடுவது நேற்று ஆரம்பித்த தொழில் இல்லை!

எழுந்தவர் எப்படி வந்தார்? ஆணித் தழும்போடு வந்தார். சர்வ வல்லமையுள்ள கடவுளுக்கு அந்தத் தழும்பை அழிக்கத் தெரியாதா? அழிக்கவில்லை. நடந்த கொடுமைக்கு அதுதான் சாட்சி. சந்தேகப்பட்ட தோமாவிடம் காயத்தில் விரலை வைத்துப் பார் என்றார். அந்தத் தோமாவின் கல்லறை சென்னை சாந்தோமில் இருக்கிறதென்று நம்புகிற நாட்டில்தான் பழைய காயத்தைக் கிளறாதே, மன்னித்து மறந்துவிடு என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். உயிர்த்தெழுந்தவரே மறக்கவில்லை. சமாதானம் சொன்ன கையோடு காயத்தையும் காட்டினார்.

*

இனி நம் பக்கத்து நிலவரத்தைப் பார்ப்போம். கொல்லிமலைக்குக் கிழக்கே துறையூர் வட்டாரத்தில் கோட்டப்பாளையம் என்றொரு ஊர். அங்கே உள்ள கத்தோலிக்கக் கோவில் புனித மகதலா மரியாள் பெயரில் இருக்கிறது. எழுந்த இயேசுவை முதலில் பார்த்தவர் அந்த மரியாள். அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தவர். மண்வெட்டி பிடிக்கிற கூலிக்காரனின் தோற்றத்தில் கடவுள் நின்றிருக்கிறார்! அந்த மரியாளின் பெயர் வைத்த கோவிலில் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் கல்லறையிலும் தங்களுக்குப் பாகுபாடு நடக்கிறது என்று தலித் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். மதுரைக் கிளையில் தள்ளுபடி ஆகி, உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பியது. காலிக் கல்லறையின் முதல் சாட்சி பெயரில் கோவில் உள்ள ஊரில் கல்லறைக்காக வழக்கு.

அதே திருச்சி மாவட்டத்தில், மாநகரத்து மேலப்புதூர்க் கல்லறையில் தலித் பிணங்களையும் மற்ற பிணங்களையும் பிரிக்கிற சுவர் பல காலம் நின்றது. 2010-ல் இயக்கத் தோழர்கள் கடப்பாரையோடு அதை இடிக்கப் போனார்கள். போனவர்களில் பலர் கடவுள் மறுப்பாளர்கள், பெரியாரின் தொண்டர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் சுவரைக் காத்தார்கள், நம்பாதவர்கள் இடிக்கப் போனார்கள். இதில் யாருக்கு விசுவாசம் இருந்தது என்று நான் கேட்டால் சபையில் கோபப்படுகிறார்கள்.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில் தனிப் பாதை, தனித் தூம்பா, தனிக் கல்லறை என்று வதைபட்ட தலித் கிறிஸ்தவர்கள் கடைசியில் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. இறந்த இருவரும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள். சாதி தன் சொந்தப் பிள்ளைகளையும் தின்னும் என்பதை இதற்கு மேல் யார் நிரூபிக்க வேண்டும்?

திருச்சபைத் தலைமைக்குத் தெரியாமல் நடக்கிறதா? இல்லை. 1833-லேயே ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாதியை விடமாட்டோம் என்று ஒரு கூட்டம் சபையை விட்டது. 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பிரிவினையைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில் தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. உத்தரவு உண்டு, உரை உண்டு, அறிக்கை உண்டு. ஓடைக்குப் பாலம்தான் இல்லை.

*

வெளியில் இருக்கிற அரசாங்கம் என்ன செய்கிறது? என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நானும் என் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்த வேகத்தில் அப்பா எனக்குக் கிறிஸ்தவன் என்று எழுதினார். நான் பி.சி. ஆனேன். அதற்குள் விவரம் தெரிந்துவிட்டதால் தம்பிக்கு எழுதவில்லை. அவன் எஸ்.சி. அவனுக்கு உதவித்தொகை வந்தது. எனக்கு வரவில்லை. ஊரில் எங்கள் இருவருக்கும் ஒரே டீக்கடை, ஒரே டம்ளர், ஒரே வசவு. நான் கிறிஸ்தவன் ஆனது தாசில்தார் ஆபீசுக்குத் தெரிந்திருக்கிறது, டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. தம்பி சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒருவனை அவன் விசுவாசத்துக்கும் அவன் பிள்ளையின் படிப்புக்கும் நடுவில் நிறுத்திவைத்த சட்டத்தின் மேல்தான் வருத்தம்.

1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்றால் இந்து என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளைச் சேர்க்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் அளித்த அறிக்கையில் இந்த மத வரம்பை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். காலக்கெடுவை நீட்டினார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தோடு வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் சொன்னது. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம், போதகராக இருந்த ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது. சாதி சொல்லித் திட்டுகிறவனுக்கு ஞானஸ்நானம் கண்ணில் படாது, நீதிபதிக்கு மட்டும் படும்.

எங்கள் சேந்தமங்கலத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் வேடிக்கையாகத் தெரியும். இது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. கொல்லிமலையும் இதற்குள் வருகிறது. மலைமேல் உள்ள மலையாளிப் பழங்குடி கிறிஸ்தவரானாலும் சட்டப்படி எஸ்.டி.தான். அது சரி, அப்படித்தான் இருக்கவேண்டும். அதே மலையடிவாரத்தில் உள்ள அருந்ததியரும் பறையரும் கிறிஸ்தவரானால் எஸ்.சி. போய்விடும். கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் அரசாங்கத்தின் நியாயம் மாறிவிடுகிறது. பட்டியலில் கிறிஸ்தவ தலித்தைச் சேர்த்தால் இருக்கிற பங்கு குறையுமே என்று நம் தோழர்களே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆகவே ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டிக் கேட்கவேண்டும். அருந்ததியருக்கு 2009-ல் கிடைத்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டில் கைவைக்காமல் கேட்கவேண்டும். நம் பாதையைத் திறப்பதற்காக நம்மிலும் கீழே தள்ளப்பட்டவனின் பாதையை அடைக்கக்கூடாது.

*

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வான்?

எழுந்த பிறகு இயேசு என்ன செய்தார் என்று பார்த்தால் வழி தெரியும். சிங்காசனம் போட்டு உட்காரவில்லை. பிலாத்து வீட்டுக்குப் போய்ப் பயமுறுத்தவும் இல்லை. விடிய விடிய வலைபோட்டு ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்த மீன்பிடிக்கிறவர்களுக்குக் கரியடுப்பு மூட்டி மீன் சுட்டு, சாப்பிட வாங்க என்றார். எம்மாவூர்ப் பாதையில் கூடவே நடந்தும் அவரை அடையாளம் தெரியாதவர்களுக்கு, அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. உயிர்த்தெழுதலின் அடையாளம் பந்திதான். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, 2005-ல் மறைந்தவர், 'ஒரு ஒலை' என்று இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதுதான் கடவுளின் ராஜ்யம். உங்கள் சபையில் அன்பின் விருந்து நடக்கும்போது யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் வீட்டுச் சோற்றை யார் சாப்பிடாமல் நழுவுகிறார்கள் என்று ஒரு தடவை கவனியுங்கள். ஈஸ்டர் அங்கே தெரியும்.

இரண்டாவது, செத்தவனின் வழக்கை மூடவிடக்கூடாது. இதை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஓமலூர்க்காரரான கோகுல்ராஜ், என்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோவிலில் உடன்படித்த கவுண்டர் சமூகத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தவர், மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் தலை துண்டாகிக் கிடந்தார். தற்கொலை என்று கதை கட்டப்பட்டது. பிணத்தைத் திருடிவிட்டார்கள் என்று காவலர்கள் சொன்ன அதே கதைதான், ஊர்தான் வேறு. முக்கிய சாட்சி பிறழ்சாட்சி ஆனார். ஆனாலும் அந்தத் தாய் விடவில்லை. கோவில் காமிராவில் பதிவான காட்சிகள் பேசின. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் முக்கியக் குற்றவாளியின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தத் தாய் எந்த மதம் என்பது இங்கே கேள்வி இல்லை. கல்லறையை மூடிய கல்லை யார் புரட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டே விடியற்காலையில் நடந்து போன பெண்களின் வரிசையில் அவர் நடந்தார். கல் ஏழு வருசத்தில் புரண்டது. பிள்ளை திரும்பி வரவில்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவன் மேல் போட்ட பொய் செத்தது.

மூன்றாவது, வேலை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013-ல் சட்டம் வந்தது. குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, குழிக்குள் இறங்குகிறவன் சாதி மாறவில்லை. கடவுள் எழுப்பப்போகிற உடம்பு என்று நம்புகிற ஒன்றை மலக்குழிக்குள் இறக்க எப்படி மனசு வரும்? உங்கள் ஆலயத்து, உங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், அவருக்கு என்ன சம்பளம், கையுறை உண்டா, அவர் பிள்ளைக்கு அதே பள்ளிக்கூடத்தில் இடம் உண்டா? விசுவாசத்தை இதில் சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, கல்யாணம். 'கிறிஸ்தவ மணமகன் தேவை' என்று விளம்பரம் கொடுத்து அதற்குப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறார்களே, அது மறுமையைப் பற்றிய சந்தேகம். எழும்பும்போது தன் சாதிக்காரன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்கிற முன்னேற்பாடு!

*

எங்கள் ஊரில் இதை வாழ்ந்து பார்த்தவர்கள் இருந்தார்களா என்று மாணவர்கள் கேட்பார்கள். வெள்ளைக்காரர் புராணம் பாட எனக்கு விருப்பமில்லை. மிஷனரிகள் பலர் சாதியோடு சமரசம் செய்தார்கள். ஆனாலும் ஒரு குடும்பத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். சேந்தமங்கலத்தில் இருந்து வேலை செய்த ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913-ல் கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலையில் குடியேறினார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் மலைமேலேயே செத்தார். ஈவ்லின் வயதான பிறகு மிஷன் ஓய்வு கொடுத்தும் கேட்காமல் மலைக்கே திரும்பி, நரம்புச் சிலந்தி நோயோடு மல்லுக்கட்டி, 1974-ல் 95 வயதில் இறந்தார். புருசன் பக்கத்தில் அதே மலையில் புதைத்தார்கள். மலைச் சனங்களின் மண்ணுக்குள்ளேதான் இருவரும் கிடக்கிறார்கள்.

1914-ல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். நோய் தின்று விரல் உதிர்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, விரல் தானாக உதிர்வதில்லை, உணர்வு போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயம்பட்டுப் பட்டு அழிகிறது என்று காட்டினார். மடங்கிப்போன கைக்குத் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மறுபடியும் சோற்றைப் பிசையவும் மண்வெட்டி பிடிக்கவும் வைத்தார். உடம்பு வெறும் கூடு என்று நினைத்திருந்தால் ஒரு மனுசன் விரல் விரலாக உட்கார்ந்து தைப்பானா? அவர் கண்டுபிடித்ததில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வலி தெரியும்வரைதான் உடம்பு தன் உறுப்பைக் காப்பாற்றும். சபையைக் கிறிஸ்துவின் சரீரம் என்கிறார்கள். எறையூரில் அடிபட்டபோது நாமக்கல்லில் வலித்ததா? வலிக்கவில்லை என்றால் அந்தச் சரீரம் தன் விரல்களைத் தானே இழந்துகொண்டிருக்கிறது.

*

அம்மாயியின் கேள்விக்கு வருகிறேன். "எந்திரிக்கிற அன்னிக்காச்சும் வழி வுடுவாங்களா?"

இப்போது கேட்டால் நான் சிரிக்கமாட்டேன். "அந்தக் கையோடதான் எந்திரிப்ப அம்மாயி, கிழங்குத் தோல் உரிச்ச அதே கையோட. அன்னிக்கு வழி வுடுவாங்களான்னு நாம காத்திருக்கப் போறதில்ல. இன்னிக்கே கேக்கப் போறோம்" என்று சொல்வேன். சொல்வதோடு நிற்கவும் இல்லை. ஓடை வழி பொதுப்பாதை என்று பழைய கிராம வரைபடத்தைத் தேடி எடுத்து, எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டுமாக மனு கொடுத்திருக்கிறார்கள். சபைக் கூட்டத்தில் நான் இதை எழுப்பியபோது "ஆவிக்குரிய காரியத்தில் அரசியல் வேண்டாம்" என்றார்கள். ஞாயிறு பள்ளியில் இருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மனு நிற்கவில்லை.

கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த ஈஸ்டர் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் ஊர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். பாதை எத்தனை, வாசல் எத்தனை, சவ வண்டி எத்தனை, நடுவில் சுவரா வேலியா ஓடையா என்று எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால் உங்கள் சபையில் ஈஸ்டர் இன்னும் வரவில்லை.

மற்ற தோழர்களுக்கும் ஒன்று. நாங்கள் அந்தச் சுவரை இடிக்கப் போகும்போது கடப்பாரையோடு வாருங்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறாயா என்று உங்களை யாரும் கேட்கமாட்டோம்.